மோட்டார் ஹோம் கூரை ஏசியின் டக்டில் காற்றுக் கசிவு: உட்கூரையைப் பிரிக்காமல் சரிசெய்ய முடியுமா?

நெடுவழியன் எழுதியது:

வணக்கம். எங்கள் மோட்டார் ஹோமின் (வீட்டு வசதிகளோடு கட்டிய வண்டி) கூரையில் 13,500 பி.டி.யு. (குளிரூட்டும் திறனின் அளவு) திறனுள்ள ஏசி ஒன்று இருக்கிறது. அதிலிருந்து வரும் குளிர்காற்று, உட்கூரைக்குள் ஓடும் டக்ட் எனும் காற்றுப் பாதை வழியாக முன்பகுதி, சமையலிடம், படுக்கையறை ஆகிய மூன்று இடங்களுக்கும் போக வேண்டும். சில காலமாகப் படுக்கையறை வென்டில் (காற்று வெளிவரும் திறப்பில்) கையை ஒட்டினாற்போல் வைத்தால்தான் காற்று வருவதே தெரிகிறது. ஏசிக்கு நேர் கீழே நின்றாலோ நன்றாகக் குளிர்கிறது. அறை இன்னும் வெக்கையாக இருக்கும்போதே கம்ப்ரஸர் நின்றுவிடுகிறது. சற்று நேரத்தில் மறுபடி ஓடுகிறது, மறுபடி நிற்கிறது.

இதோடு இன்னொரு தொல்லையும் சேர்ந்திருக்கிறது. மழையே இல்லாத புழுக்கமான இரவுகளில், நடு வென்டுக்குப் பக்கத்திலுள்ள கூரை விளக்கின் விளிம்பில் நீர் திரண்டு ஒவ்வொரு சொட்டாகக் கீழே விழுகிறது.

வந்து பார்த்த மெக்கானிக், 15,000 பி.டி.யு. ஏசியாக மாற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார். ஃபில்டர்களைக் கழுவி மாட்டிவிட்டேன். அதனால் மாற்றம் எதுவும் இல்லை. டக்டில் எங்கோ காற்று வீணாகிறது என்றே நினைக்கிறேன். கசிவு எங்கே என்று கண்டுபிடிப்பது எப்படி, அதற்காக உட்கூரையின் பிளைவுட்டைப் பிரித்துத்தான் ஆக வேண்டுமா, எதைக் கொண்டு அடைத்தால் நீடிக்கும் என்பதை அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

குளிர்பதனர் எழுதியது:

வணக்கம் ஐயா. ஏசியை மாற்றும் யோசனையை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். 13,500 பி.டி.யு. என்பது ஒரு டன்னுக்குச் சற்று மேல். ஓட்டையுள்ள டக்டில் அதைவிடப் பெரிய ஏசியைப் பூட்டினால் ஓட்டை வழியாக வீணாகும் குளிரும் சேர்ந்து பெருகுமே தவிர, நீங்கள் சொல்லும் குறை தீராது.

இந்த வண்டிகளின் டக்டை வீடுகளில் பார்க்கும் தகரக் குழாயாக எண்ணிக்கொள்ளக் கூடாது. பெரும்பாலான வண்டிகளில் மேலே ஒரு தகடு, கீழே மெல்லிய பிளைவுட், நடுவில் தெர்மாகோல் என்று கூரையே மூன்று அடுக்காகச் செய்யப்பட்டிருக்கும். அந்தத் தெர்மாகோலில் நீளவாக்கில் வெட்டி எடுத்த பள்ளம்தான் டக்ட். சிலவற்றில் அதன் உட்புறம் அலுமினியத் தாள் ஒட்டியிருப்பார்கள், சிலவற்றில் அதுவும் இருக்காது. ஏசி உட்காரும் இடத்தில் ஏறத்தாழ 36 சென்டிமீட்டர் அளவில் ஒரு சதுரத் துளை வெட்டப்பட்டு, அதன் பக்கவாட்டில் டக்டின் வாய்கள் திறந்திருக்கும். குளிர்ந்த காற்றை டக்டுக்குள் ஊதுவதும், அறையின் வெதுவெதுப்பான காற்றை உறிஞ்சுவதும் இந்த ஒரே துளைக்குள்தான் நடக்கின்றன. இரண்டையும் பிரிப்பது நடுவில் நிற்கும் ஒரு தடுப்பு மட்டுமே.

உங்கள் வண்டியின் குறைகளில் பாதிக்கு மேல் அந்தத் தடுப்பில் இருக்கும் என்பது என் கணிப்பு. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். டக்டின் நடுவில் ஒரு விரிசல் இருந்தால், விசிறி ஊதும் அழுத்தம் மட்டுமே காற்றை அதன் வழியாக வெளியே தள்ளும். தடுப்பில் அதே அளவு விரிசல் இருந்தாலோ, ஒரு பக்கம் விசிறி தள்ளுகிறது, மறுபக்கம் அதே விசிறி இழுக்கிறது. இரண்டு அழுத்தமும் கூடி ஒரே விரிசலின் மீது வேலை செய்வதால் அங்கே கசிவு மிகுதியாக இருக்கும். அப்படிக் கசிந்த குளிர்காற்று அறைக்கு வராமலேயே நேராக ஏசிக்குள் திரும்பிவிடும். ஏற்கெனவே குளிர்ந்த காற்று மறுபடியும் குளிர்ச் சுருளின் மேல் பட்டால் சுருள் உறைநிலையை நெருங்கும். அங்கே செருகியிருக்கும் சென்சார் கம்ப்ரஸரை நிறுத்திவிடும். தெர்மோஸ்டாட் உறிஞ்சும் பக்கத்திலேயே இருக்கும் வண்டியாக இருந்தால், அறை குளிர்ந்துவிட்டதாக அதுவும் தவறாகக் கணக்கிட்டுவிடும். கம்ப்ரஸர் அடிக்கடி நின்று ஓடுவதற்கு வேறு காரணங்களும் உண்டு என்றாலும், படுக்கையறையில் காற்று மெலிந்து போனதோடு சேர்த்துப் பார்க்கும்போது என் சந்தேகம் இங்கேதான் போகிறது.

எதையும் கழற்றுவதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். கம்பி முனையுள்ள தெர்மாமீட்டர் ஒன்று போதும். கதிர் பாய்ச்சி அளக்கும் துப்பாக்கி வகை வேண்டாம், அது பரப்பின் வெப்பத்தைக் காட்டுமே தவிர காற்றின் வெப்பத்தைக் காட்டாது. ஏசி ஓடி நிலைப்பட்ட பிறகு, உறிஞ்சும் கிரில்லுக்கு வெளியே அறையின் காற்றை அளந்துகொள்ளுங்கள். பிறகு கிரில்லுக்கு உள்ளே, ஃபில்டரைத் தாண்டி, கம்பியைச் செருகி அளந்து பாருங்கள். இரண்டும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். உள்ளே குறைவாகக் காட்டினால் தடுப்பு வழியாகக் குளிர்காற்று திரும்பி வருகிறது என்று பொருள். வேறு விளக்கம் தேவையில்லை. அடுத்து ஏசிக்கு மிக அருகிலுள்ள வென்டையும் படுக்கையறை வென்டையும் அளந்து பாருங்கள். நல்ல நிலையிலுள்ள ஏசியில் உறிஞ்சும் காற்றுக்கும் அருகிலுள்ள வென்டின் காற்றுக்கும் சுமார் 8 முதல் 12 டிகிரி செல்சியஸ் வேறுபாடு இருக்கும்; ஈரப்பதம் மிகுந்த நாளில் இது குறைவாகவே வரும். கடைசி வென்டில் காற்று கணிசமாகச் சூடாக வந்தால் டக்டின் வழியிலும் கோளாறு இருக்கிறது.

கூரைமேல் எழுதியது:

மேலே சொன்னவற்றோடு உடன்படுகிறேன். சொட்டும் நீரைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை என்பதால் அதை மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் பலர் இதைக் கூரை ஒழுகுவதாக நினைத்துக்கொண்டு மேலே ஏறிக் கண்ட இடத்திலெல்லாம் சீலண்ட் பூசிவிட்டு இறங்குகிறார்கள்.

ஏசியை ஒட்டிய இடத்தில் நீர் வருவதற்கு மூன்று வழிகள் உண்டு. ஏசிக்கும் கூரைக்கும் நடுவிலுள்ள ரப்பர் காஸ்கெட் நசுங்கியோ இடம் விலகியோ போயிருந்தால் மழைநீர் இறங்கும். இது மழையோடு வரும், மழையோடு போகும். ஏசியின் அடித்தட்டில் நீர் வடியும் துளைகள் தூசியால் அடைத்துக்கொண்டால், சுருளில் உண்டான நீர் நிரம்பி உள்ளே வழியும். அது பெரும்பாலும் ஏசிக்கு நேர் கீழே, சில நேரம் வண்டியை நகர்த்தும்போது ஒரே வீச்சில் கொட்டும். உங்களுக்கு நடப்பது இந்த இரண்டும் அல்ல என்று நினைக்கிறேன். மழை இல்லை, ஏசிக்கு நேர் கீழேயும் இல்லை, சற்றுத் தள்ளி ஒரு விளக்கின் விளிம்பில் சொட்டுகிறது என்கிறீர்கள்.

கணக்காகப் பார்ப்போம். காற்று 30 டிகிரி செல்சியஸும் ஈரப்பதம் 75 சதவீதமும் இருந்தால் அது ஏறத்தாழ 25 டிகிரியிலேயே நீராகத் திரளத் தொடங்கிவிடும். டக்டில் போகும் காற்று அதைவிடக் குளிர்ந்தது. அது விரிசல் வழியாகக் கூரையின் இடுக்குக்குள் புகுந்து, விளக்கின் உலோக விளிம்பையும் அதைச் சுற்றியுள்ள பிளைவுட்டையும் பின்புறத்திலிருந்து குளிரவைக்கிறது. அறையின் ஈரக்காற்று அதில் பட்டு வியர்க்கிறது. பகலில் காற்று காய்ந்திருப்பதால் தெரிவதில்லை, புழுக்கமான இரவில் தெரிகிறது.

இதைச் சரிபார்ப்பது எளிது. ஏசி ஓடும்போது விளக்கின் மூடியைக் கழற்றி, ஒயர் வரும் துளையின் அருகே கையை வையுங்கள். அங்கே குளிர்காற்று வந்தால் டக்டிலிருந்து ஒயர் ஓடும் இடுக்கு வரைக்கும் வழி திறந்திருக்கிறது என்பது உறுதி. விளக்கின் துளையை அடைத்துவிட்டு முடிந்தது என்று விட்டுவிடாதீர்கள். குளிர் உள்ளேயே தங்கி, வியர்வை பிளைவுட்டின் பின்பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் சேரும். பிளைவுட் ஊறி அடுக்கு அடுக்காகப் பிரிந்துவிட்டால் பிறகு உட்கூரையைப் பிரிப்பதைத் தவிர வேறு வழி இருக்காது.

நெடுவழியன் எழுதியது:

இருவருக்கும் நன்றி. நீங்கள் சொன்னபடியே அளந்து பார்த்தேன். அறையில் 29 டிகிரி இருக்கும்போது ஃபில்டருக்கு உள்ளே 23 டிகிரிதான் காட்டுகிறது. விளக்கின் ஒயர் துளையிலும் குளிர்காற்று வருகிறது.

அதன் பிறகு மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கிரில் சட்டத்தைக் கழற்றி உள்ளே பார்த்தேன். தடுப்பாக இருப்பது ஒரு தெர்மாகோல் பலகை. அதன் மேல் விளிம்புக்கும் ஏசியின் அடித்தட்டுக்கும் நடுவில் என் சுண்டுவிரல் தாராளமாக நுழைகிறது. ஒட்டியிருந்த அலுமினிய டேப் ஒரு முனையில் மட்டும் பிடித்துக்கொண்டு, மறுமுனை சுருண்டு கீழே தொங்குகிறது. அதன் பசையில் தெர்மாகோல் மணிகள் வரிசையாக ஒட்டியிருக்கின்றன. கட்டுப்பாட்டு ஒயர்கள் தடுப்பைக் குடைந்து போகும் இடத்தில் நாணயம் அளவுக்கு ஓட்டை இருக்கிறது. படுக்கையறைப் பக்கம் போகும் டக்டின் வாயில், பிளைவுட்டுக்கும் தெர்மாகோலுக்கும் நடுவே டார்ச் வெளிச்சம் போகும் அளவுக்கு இடைவெளி தெரிகிறது. இவற்றை எதைக் கொண்டு அடைப்பது? ஃபோம் ஸ்பிரே அடித்தால் ஒரே வேலையாக முடியுமா?

தச்சுக்கை எழுதியது:

டேப்பின் பசையில் தெர்மாகோல் மணிகள் ஒட்டியிருப்பதாக எழுதினீர்களே, நோய் என்ன என்பதற்கு அதுவே சாட்சி. டேப்பின் பசை கெடவில்லை. பிடித்துக்கொள்ள உறுதியான பரப்பு இல்லாததால், தெர்மாகோலின் மேல்தோலைப் பெயர்த்துக்கொண்டு வந்துவிட்டது. புதிய டேப்பை அதே இடத்தில் அப்படியே ஒட்டினாலும் சில நூறு கிலோமீட்டர் குலுங்கிய பிறகு அதே கதியைத்தான் அடையும்.

ஆகவே முதலில் பரப்பைத் தயார்செய்யுங்கள். உதிரும் மணிகளைத் தூரிகையால் தட்டி, வேக்யூம் கிளீனரால் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். தெர்மாகோல் தெரியும் இடங்களில் நீரை அடிப்படையாகக் கொண்ட டக்ட் மாஸ்டிக்கை (டக்டின் இடைவெளிகளை அடைக்கும் கெட்டியான களிம்பு) மெல்லிய பூச்சாகத் தடவி முழுமையாகக் காயவிட்டால், டேப் பிடிப்பதற்கு உறுதியான மேல்தோல் கிடைக்கும். உலோகமும் பிளைவுட்டும் தெரியும் இடங்களைத் தூசி போகத் துடைத்தால் போதும். உலோகத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைப்பது நல்லது. அசிட்டோன், பெட்ரோல், தின்னர், கரைப்பான் கலந்த காண்டாக்ட் பசை ஆகியவற்றை அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அவை பட்ட இடத்தில் தெர்மாகோல் கண்ணெதிரே உருகிக் குழியாகிவிடும்.

டேப்பைப் பொறுத்தவரை, துணியில் செய்த சாம்பல் நிற டக்ட் டேப் டக்டுக்கு உதவாது. 1998-இல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகம் பலவகை அடைப்புப் பொருள்களை வெப்பத்தில் வைத்துச் சோதித்தபோது, தொடர்ந்து தோற்றுப்போனது அந்த வகை டேப்தான். அலுமினியத் தாளில் அக்ரிலிக் பசை பூசி, யூ.எல். 181 என்ற தர முத்திரையோடு வரும் ஃபாயில் டேப்பை வாங்குங்கள். பின்தாளைச் சிறிது சிறிதாக உரித்து, ஒட்டிய ஒவ்வொரு பகுதியையும் பிளாஸ்டிக் தேய்ப்பானால் அழுத்தித் தேய்க்க வேண்டும். இந்தப் பசை அழுத்தத்தில்தான் பிடிக்கும். குளிர்ந்திருக்கும் பரப்பிலும் வியர்த்திருக்கும் பரப்பிலும் ஒட்டாதீர்கள். ஏசியை முந்தைய நாளே நிறுத்திவிட்டு உள்ளே எல்லாம் காய்ந்த பிறகு வேலையைத் தொடங்குங்கள்.

தடுப்பைப் பொறுத்தவரை, இருக்கும் பலகையை ஒட்டுப்போடுவதைவிடப் புதிதாக ஒன்று செய்துவிடுவது மேல் என்பது என் கருத்து. இரு பக்கமும் அலுமினியத் தாள் ஒட்டிய ஒரு அங்குலக் காப்புப் பலகை எளிதில் கிடைக்கிறது, கத்தியாலேயே வெட்டலாம். முதலில் அட்டையில் வெட்டிப் பொருத்திப் பார்த்து, அந்த அளவில் பலகையை வெட்டுங்கள். மேல் விளிம்பில் மென்மையான, நுண்ணறைகள் மூடிய ஃபோம் பட்டையை ஒட்டினால், ஏசியின் அடித்தட்டு அதன்மேல் அழுந்தி இடைவெளியில்லாமல் அடைத்துக்கொள்ளும். அங்கே டேப்பை மட்டும் நம்ப முடியாது, ஏனென்றால் வண்டி ஓடும்போது ஏசியும் கூரையும் ஒரே அளவில் ஆடுவதில்லை. ஒயர் ஓட்டையை மாஸ்டிக்கால் அடைக்கலாம் என்றாலும், பின்னாளில் ஒயரை எடுக்க வேண்டி வரும் என்பதால், ஒயரைச் சுற்றி ஃபோமைத் திணித்து மேலே டேப் ஒட்டுவதே எனக்குப் பிடித்த வழி.

டக்டின் வாயில் பிளைவுட்டுக்கும் தெர்மாகோலுக்கும் நடுவே தெரியும் இடைவெளிதான் உங்கள் விளக்கில் நீர் சொட்டுவதற்குக் காரணமாக இருக்கக்கூடும். அங்கே மாஸ்டிக்கை விரலால் உள்ளே அழுத்தி நிரப்பி, காய்ந்த பிறகு, டேப்பின் பாதி டக்டுக்கு உள்ளேயும் பாதி பெட்டியின் (ஏசிக்குக் கீழுள்ள அந்தச் சதுரத் துளையின்) பக்கத்திலும் வருமாறு மடித்து ஒட்டுங்கள்.

வழிகாட்டி எழுதியது:

ஃபோம் ஸ்பிரேயை முற்றிலும் ஒதுக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். கை எட்டாத இடுக்குகளுக்கு அதைவிட எளிதான வழி ஏது? எங்கள் வண்டியில் ஏசிச் சட்டத்தின் மூலைகளை அதைக் கொண்டுதான் நிரப்பினேன். இன்றுவரை உறுதியாக இருக்கிறது.

தச்சுக்கை எழுதியது:

மூலைகளுக்குச் சரி, மறுக்கவில்லை. ஆனால் கதவு, ஜன்னல் சட்டங்களுக்கென்று விற்கும், குறைவாக உப்பும் வகையாக மட்டுமே அது இருக்க வேண்டும். சாதாரண வகை உப்பும்போது மெல்லிய உட்கூரைப் பிளைவுட்டைக் கீழே புடைக்கவைத்துவிடும். டக்டுக்குள் புகுந்தால் காற்றுப் பாதையையே சுருக்கிவிடும். இந்த டக்டுகளின் உயரம் ஏற்கெனவே சில சென்டிமீட்டர்தான். உள்ளே உப்பிக் காய்ந்ததைச் சுரண்டி எடுப்பது எவ்வளவு கொடுமை என்பது அதைச் செய்தவர்களுக்குத்தான் தெரியும்.

குளிர்பதனர் எழுதியது:

உள்ளே 6 டிகிரி குறைவாகக் காட்டுகிறது என்றால், ஊதும் காற்றில் ஒரு பெரும் பங்கு டக்டைப் பார்க்காமலேயே திரும்பிப் போகிறது என்றுதான் அர்த்தம். உட்கூரையைப் பிரிக்கும் பேச்சுக்கே இனி இடமில்லை. பெட்டியை முடித்துவிட்டு மறுபடி அளந்து பார்க்கலாம்.

பாதுகாப்பு பற்றி ஒரு வார்த்தை. வெளி மின் இணைப்பைத் துண்டித்தால் மட்டும் போதாது. சில வண்டிகளில் ஜெனரேட்டர் தானாகவே ஓடத் தொடங்கும், இன்வெர்ட்டரும் மின்சாரம் கொடுக்கும். மூன்றையும் நிறுத்தி, ஏசிக்குரிய பிரேக்கரையும் இறக்கிவிட்டு, டெஸ்டரால் சரிபார்த்த பிறகே கையை உள்ளே விடுங்கள். ஏசியின் மின்பெட்டியைத் திறக்கும் தேவை இந்த வேலையில் இல்லை. உள்ளே கெபாசிட்டர் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும் என்பதால் அதைத் தொடவே வேண்டாம். சுருளில் செருகியிருக்கும் மெல்லிய சென்சார் ஒயர் கையில் இடறி வெளியே வந்துவிட்டால், இருந்த இடத்திலேயே திரும்பச் செருகிவிடுங்கள், இல்லையெனில் சுருள் பனிக்கட்டியாக உறைந்தாலும் கம்ப்ரஸர் நிற்காது.

பெட்டியை அடைத்து முடித்ததும், மிஞ்சியிருக்கும் கசிவுகளைத் தேட ஒரு வழி உண்டு. அறையிலுள்ள எல்லா வென்டுகளையும் காகித டேப்பால் மூடிவிட்டு, விசிறியை மட்டும் வேகமாக ஓடவிடுங்கள். கம்ப்ரஸர் ஓடக் கூடாது. காற்றோட்டம் இல்லாமல் அது ஓடினால் சுருள் உறைந்துவிடும். இப்போது டக்ட் முழுவதும் அழுத்தத்தில் இருக்கும். புகையும் ஊதுபத்தி ஒன்றை விளக்குத் துளைகள், வென்ட் சட்டங்களின் விளிம்புகள், அலமாரிகளின் மேல்மூலைகள் ஆகியவற்றின் அருகே மெதுவாகக் கொண்டுபோனால், புகை எங்கே கலைகிறதோ அங்கே தேடுங்கள். தெர்மாகோல் தெரியும் இடங்களுக்குள் பத்தியை நுழைக்காதீர்கள், அது தீப்பற்றக்கூடியது.

கூரைமேல் எழுதியது:

வென்டுகளைக் கழற்றிப் பார்ப்பதையும் விட்டுவிடாதீர்கள். பல வண்டிகளில் உட்கூரையில் வட்டமாக வெட்டிய துளைக்கும் டக்டுக்கும் நடுவில் எந்த இணைப்பும் இருக்காது. வெட்டிய விளிம்பில் பிளைவுட்டுக்கும் தெர்மாகோலுக்கும் நடுவே காற்று பக்கவாட்டில் ஓடிவிடும். துளையைச் சுற்றி உள்விளிம்பில் டேப்பை மடித்து ஒட்டினால் தீர்ந்தது, வென்ட் ஒன்றுக்குக் கால் மணி நேர வேலைதான்.

கடைசி வென்டுக்கு அப்பாலும் கைபேசியையோ எண்டோஸ்கோப் கேமராவையோ நுழைத்துப் பாருங்கள். டக்டின் பள்ளம் அங்கேயே முடிந்துவிடுவதில்லை. பல நேரங்களில் வண்டியின் பின்சுவர் வரை திறந்தே ஓடும். படுக்கையறைக்கு வர வேண்டிய காற்று அந்த வெற்றிடத்தை நிரப்பிவிட்டுச் சுவரின் இடுக்குகளில் இறங்கும். அது வண்டிக்கு வெளியே போய்ச் சேர்ந்தால், அதே அளவு வெளிக்காற்று கதவு இடுக்குகளின் வழியே உள்ளே வந்தாக வேண்டும் என்பதால் நட்டம் இரட்டிப்பு. வென்டின் விளிம்பிலிருந்து ஒரு விரற்கடை தள்ளி, டக்டின் அகலத்துக்கு வெட்டிய காப்புப் பலகையைச் செருகி, சுற்றிலும் டேப் ஒட்டி மூடிவிடுங்கள்.

நெடுவழியன் எழுதியது:

தடுப்பைப் புதிதாகச் செய்து, டக்டின் வாய்களையும் அடைத்துவிட்டேன். அறையில் 29 டிகிரி இருக்கும்போது ஃபில்டருக்கு உள்ளே இப்போது 28 காட்டுகிறது. படுக்கையறையில் காற்று நன்றாகவே வருகிறது, கம்ப்ரஸரும் நிற்காமல் ஓடுகிறது. பின்சுவர்ப் பக்கம் டக்ட் திறந்திருப்பது உண்மைதான்; அதை இனிதான் மூட வேண்டும். ஏசியைக் கூரையோடு பிணைக்கும் நான்கு போல்ட்டுகளில் ஒன்று கையாலேயே சுழல்கிறது. நன்றாக இறுக்கிவிடலாமா?

குளிர்பதனர் எழுதியது:

கண்ணை மூடிக்கொண்டு இறுக்கிவிடாதீர்கள். காஸ்கெட் எவ்வளவு நசுங்க வேண்டும், போல்ட்டை எவ்வளவு முறுக்க வேண்டும் என்பது உங்கள் ஏசியின் கையேட்டிலேயே இருக்கும். பெரும்பாலான கூரை ஏசிகளில் காஸ்கெட் சுமார் 12 மில்லிமீட்டர் கனத்துக்கு நசுங்கி நிற்க வேண்டும். ஒன்றை மட்டும் இறுக்கினால் அடித்தட்டு வளைந்து எதிர்மூலையில் மழைநீர் இறங்கும். மூலைவிட்டமாக மாற்றி மாற்றி, ஒவ்வொரு முறையும் அரைச் சுற்று வீதம் இறுக்குங்கள். போல்ட் இறுகும்போது அடித்தட்டு கீழே இறங்குவதால், நீங்கள் புதிதாக வைத்த தடுப்பு பிதுங்கியோ சாய்ந்தோ போயிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகு கிரில்லை மாட்டுங்கள்.